எருமைக்கும் தீட்டு

காட்டைக் காப்பாத்தணும் என்று யாராவது மேடையேறினால் எனக்கு முதலில் எழுகிற கேள்வி, யாரிடமிருந்து என்பதுதான். பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. விறகு பொறுக்குகிறவளிடமிருந்து, மாடு மேய்க்கிறவனிடமிருந்து, தேன் எடுக்கிறவனிடமிருந்து. அணை கட்டினவரும் சுரங்கம் தோண்டினவரும் அந்தப் பட்டியலில் வருவதேயில்லை. ஏனய்யா இப்படி என்று கேட்டால் விஞ்ஞானம் என்கிறார்கள். சரி, விஞ்ஞானத்தையே பேசுவோம். அதைப் பார்த்து நமக்கொண்ணும் பயமில்லை.

ராஜஸ்தானில் பரத்பூர் பக்கத்தில் கேவலாதேவ் என்று ஒரு பறவைச் சரணாலயம். சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். மகாராஜா வாத்து சுடுவதற்காகக் கரைபோட்டு, மதகு வைத்து, நீர் தேக்கி வளர்த்த சதுப்பு அது. 1938 நவம்பர் 12ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ விருந்தாளியாக வந்தபோது ஒரே நாளில் சுட்டுத் தள்ளிய பறவைகள் 4,273. வெக்கமே இல்லாமல் அந்தக் கணக்கைக் கல்லில் வேற வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட வேட்டைகளையும் தாங்கிக்கொண்டு பறவைகள் வருசா வருசம் வந்தன. சுத்துப்பட்டு ஊர்ச் சனங்களும் அதே தண்ணியில் எருமையை இறக்கி மேய்த்தார்கள், புல் அறுத்தார்கள்.

துரைமார் போன பிறகு இது தேசியப் பூங்கா ஆனது. 1982இல் மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். எருமை புல்லைத் தின்னுகிறது, சேத்தைக் கலக்குகிறது, பறவைக்குக் கேடு. இதுதான் வாதம். பறவையியல் அறிஞர்களும் ஆதரித்தார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. பார்த்தாலே தெரியாதா என்ற நினைப்பு. தீவனத்துக்கு மாத்து வழி எதுவும் செய்யாமல் வாசலை அடைத்தார்கள். அந்த நவம்பரில் சனங்க எருமையை ஓட்டிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தபோது போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். 4,273 பறவையைச் சுட்டதற்கு நினைவுக்கல். எருமை மேய்த்ததற்குத் தோட்டா.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 தொடங்கிப் பத்து வருசம் அதே இடத்தில் ஆராய்ச்சி நடத்தியது. வி.எஸ்.விஜயன் தலைமையில் 1991இல் அறிக்கை வந்தது. எருமை வெளியேறிய பிறகு பாஸ்பாலம் என்கிற நீர்ப்புல் தின்ன ஆளில்லாமல் மண்டிவிட்டது. பாய் விரித்த மாதிரி தண்ணியை மூடிவிட்டது. ஆழமில்லாத திறந்த நீர் சுருங்கியது, மீன் குறைந்தது, நீர்ப்பறவைகள் பலவற்றின் எண்ணிக்கையும் இறங்கியது. சதுப்பைச் சதுப்பாக வைத்திருந்ததே அந்த எருமைகள்தான் என்று தடையை ஆதரித்த தரப்பே எழுதியது. புல்லைச் சமாளிக்கப் பிறகு புல்டோசர் இறக்கினார்கள். எருமை இனாமாகச் செய்த வேலைக்கு டீசல் செலவு.

எங்க அப்பா நாலு எருமை வெச்சிருந்தார். சொந்தமா ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஏரி உள்வாயிலும் பொறம்போக்கிலும் மேய்த்துத்தான் எங்களைப் படிக்க வெச்சார். எருமை முதுகில் உண்ணிக்கொக்கு உக்காந்து போவதைப் பார்க்காத பிள்ளை எங்க சேரியில் உண்டா? நிலமிருக்கிறவனுக்கு வரப்பு இருக்கு, வைக்கோல் போர் இருக்கு. பொதுவிடத்தை அடைத்தால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று நாம் யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

இதில் நமக்குப் பழக்கமான வாடை ஒன்று அடிக்கிறது. மனுசன் கால்பட்டால் கெட்டுவிடும் ஒரு தூய காடு. வேலிக்குள்ளே சுத்தம், வெளியே அசுத்தம். இது விஞ்ஞானத்தில் பிறந்த எண்ணமா? 1927இல் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணியைக் குடித்ததும் சாணியும் மூத்திரமும் கலந்த 108 குடத்தை ஊற்றிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். அங்கே ஆடுமாடு குடிக்கலாம், நாம்தான் கூடாது. பரத்பூரில் எருமைக்கும் சேர்த்துத் தீட்டு.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 2024இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 665 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கில் பாதுகாப்பு நடவடிக்கை உயிரினங்களைப் பெருக்கியிருக்கிறது, அல்லது அழிவை மட்டுப்படுத்தியிருக்கிறது. நல்ல சேதி, ஏற்றுக்கொள்கிறேன். மிச்சம் ஒரு பங்கு என்ன ஆச்சு? வேலி போடுவதற்கு முன்னே அதை யார் கேட்கிறார்கள்? அந்த ஆய்வு எண்ணியதும் உயிரினத்தையும் வாழிடத்தையும்தான். வெளியேற்றப்பட்டவன் வீட்டுக் கஞ்சியை எண்ணும் கட்டம் அதில் இல்லை.

சரிஸ்காவில் புலி இருக்கிறது, இருக்கிறது என்று காலடித் தடத்தை வைத்து வருசா வருசம் கணக்கு எழுதினார்கள். 2005இல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, கள்ள வேட்டைக்காரன் கொண்டுபோய்விட்டான். பழியில் ஒரு பங்கு மட்டும் காட்டுக்குள்ளிருந்த ஊர்க்காரன் தலையில்.

பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களைப் பாருங்கள். சத்தியமங்கலம் பக்கத்துச் சோளகரின் சொந்தக்காரர்கள்தான். கோடை தொடக்கத்தில் தரைச் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பது அவர்கள் முறை. 1974இல் சரணாலயம் ஆனது, தீ குற்றம் ஆனது. தீ இல்லாததால்தான் உண்ணிச்செடி காட்டை மூடுகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1997க்கும் 2008க்கும் இடையில் அந்தச் செடி ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்துக்குப் பரவிவிட்டது என்று அளந்த ஆய்வாளர்கள் பிறகுதான் அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். படிப்பில்லாதவன் சொன்னால் மூடநம்பிக்கை, அதையே பட்டம் வாங்கினவர் சொன்னால் ஆய்வு. 2011இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அதனால் புலி அழிந்துபோய்விடவில்லை.

ஆக, விஞ்ஞானம் நம்ம பக்கம் பேசின இடத்தில் அது சட்டமாகவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 35ஆம் பிரிவு, 7ஆம் உட்பிரிவு: தேசியப் பூங்காவுக்குள் எந்தக் கால்நடையும் மேயக் கூடாது. 1991 அறிக்கைக்குப் பிறகும் அது அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அனுமதி பெற்ற ஒருவர் ஏறி வரும் வாகனமாக இருந்தால் கால்நடை உள்ளே வரலாம். மேலே துரை உக்காந்த குதிரை போகலாம். மேலே கொக்கு உக்காந்த எருமை போகக் கூடாது. அந்த உட்பிரிவைத் திருத்து என்று கேட்க, 1982இல் தடையை ஆதரித்து எழுதிய கைகள் எத்தனை வரப்போகின்றன?