சங்குக்கு ஊரே வேலி

கேள்வி: “எங்கள் ஊரில் பல குடும்பங்கள் சங்கு குளித்துப் பிழைக்கின்றன. பெரிய சங்கு அருகிவிட்டது. ‘நாம் விட்டால் அடுத்தவன் எடுப்பான்’ என்று குஞ்சுச் சங்கையும் அள்ளுகிறார்கள். இதற்கு எங்காவது வழி கண்டிருக்கிறார்களா?”
- வாசகர் ஒருவர், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டு மீனவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. அங்கே ‘லோக்கோ’ என்ற கடல் நத்தை பாறையில் ஒட்டி வாழும். கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு மூழ்கி, இரும்புக் கொக்கியால் பெயர்த்தெடுப்பார்கள். சதை கெட்டி என்பதால் அடித்து மிருதுவாக்கித்தான் சமைப்பார்கள்.

ஜப்பானுக்கு ஏற்றுமதி பெருகியதும் விலை ஏறியது. முந்தியவனுக்கே நத்தை என்றாகி, வரத்து சரிந்தது. 1989-ல் அரசு முழுத்தடை போட்டது. 1992 வரை தடை இருந்தும் திருட்டு நிற்கவில்லை.

ஆனால், லாஸ் குருசஸ் என்ற இடத்தில் 1982 முதல் கரையின் ஒரு பகுதியில் யாரையும் இறங்கவிடாமல் ஒரு பல்கலைக்கழகம் காத்தது. சில ஆண்டுகளில் அங்கே லோக்கோ பெருகியது. 1991-ல் வந்த சட்டம், கரையோரக் கடலின் குறிப்பிட்ட பரப்பை அந்தந்த ஊர் மீனவர் சங்கத்தின் பொறுப்பில் விட வழி செய்தது. சங்கம் உயிரியலாளர்களை வைத்து நத்தையைக் கணக்கெடுக்க வேண்டும். அதைப் பார்த்து, அந்த ஆண்டு எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவாகும். பொதுவாக 10 செ.மீ.க்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. வியாபாரியிடம் விலை பேசி முடிக்கும்வரை நத்தையைக் கடலிலேயே விட்டுவைக்கவும் முடிந்தது.

குறையும் உண்டு. இரவுக் காவலும் அதன் செலவும் சங்கத்தின் தலையில்தான். திருட்டும் முழுக்க ஒழியவில்லை.

நம் சங்குக்கு ஒரு சாதகம் இருக்கிறது. லோக்கோ குஞ்சு சுமார் மூன்று மாதம் நீரோட்டத்தில் மிதந்து, எங்கோ போய் ஒட்டும். சங்குக் குஞ்சோ முட்டைக்கூட்டை விட்டு வந்ததுமே மணலில் ஊரத் தொடங்கும். ஆகவே, உங்கள் ஊர் விட்டுவைக்கும் சங்கின் பலன் பெரும்பாலும் உங்கள் ஊருக்கே கிடைக்கும்.

ஊர்க்கூட்டம் போட்டு இவற்றைப் பேசி முடிவெடுக்கலாம்:

* முட்டைக்கூடு கிடக்கும் இடத்தில் சங்கு எடுப்பதில்லை.
* குஞ்சுச் சங்கை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது.
* தினமும் எடுத்த எண்ணிக்கையையும் அளவையும் ஒரே நோட்டில் எழுதுவது.

ஊர்க் கட்டுப்பாடு வெளியூர்ப் படகைத் தடுக்காது. அதற்கு அந்த நோட்டையும் சேர்த்து மீன்வளத்துறையிடம் மனு கொடுங்கள். சில சங்கினங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால், எதை எடுக்கலாம், எந்த அளவில் எடுக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.