‘வரை’ என்னும் சொல்

தமிழில் ‘வரை’ என்ற சொல்லுக்கு எல்லை என்றும் பொருளுண்டு. மலை என்றும் பொருளுண்டு. இணைய இணைப்பை விற்போர் ‘விநாடிக்கு 100 மெகாபிட் வரை’ என விளம்பரம் செய்யும்போது, கண்டிச் சீமையில் வாழும் நாம் அச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே அனுபவிக்கின்றோம். மேலெல்லை கூறப்படுகின்றது, கீழெல்லை கூறப்படுவதில்லை. ஹந்தானைச் சாரலிலும் கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலுமோ, மலையே குறுக்கே நின்று கோபுரத்து அலையை மறித்துவிடுகின்றது.

இது பொழுதுபோக்கைப் பற்றிய குறை அன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீடே வகுப்பறையாயிற்று. பாடசாலைகள் திறந்த பின்னரும் அப்பழக்கம் முற்றும் நீங்கவில்லை. நகரத்து ஆசிரியரிடம் தோட்டத்து மாணவி கணிதம் கேட்பது இக்கம்பியின் வழியாகவே. நடுவே குரல் அறுந்தால், அறுவது பாடத்தின் தொடர்ச்சி.

இக்குறைக்கு மருந்தாக ‘வணிகக் கணக்குக்கு மாறுங்கள்’ என்று சிலர் அறிவுரை கூறுகின்றனர். ஆசிரியர் பலர் தம் சிறு ஊதியத்தில் அதற்கும் பணங்கட்ட எண்ணுகின்றனர். நோயை ஆராயாது மருந்து வாங்குதல் தகுமா?

முதலில் கணினியை ரவுட்டருடன் கம்பியால் நேரே இணைத்து வேகத்தை அளத்தல் வேண்டும். கம்பியில் விரைவும், கம்பியில்லா இணைப்பில் மந்தமும் காணின் குற்றம் வீட்டினுள்ளேதான் உளது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவானது. ஆயினும் தடித்த சுவரை எளிதில் ஊடுருவாது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மெதுவானது. ஆயினும் தூரஞ் செல்லும். ரவுட்டரை மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தாலே பாதித் துன்பம் தீரும். இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் மட்டும் வேகம் குன்றின், அது பலர் ஒரே வழியைப் பகிர்வதால் வரும் நெரிசல். செப்புக் கம்பியாயின், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். மழையில் இணைப்புகள் நனைந்தும் கெடும். கண்ணாடி இழையாயின், ‘எல்.ஓ.எஸ்.’ விளக்குச் சிவந்து எரிதல் ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அடையாளம். அங்கே நாம் செய்யத்தக்கது முறையிடுதல் ஒன்றே. நாள், மணி, வேகம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வைத்துப் பின் முறையிடின் நம் சொல்லுக்கு வலிமை உண்டாகும்.

அங்ஙனமாயின் வணிகக் கணக்கு எதனைத் தருகின்றது? பொதுவாக மாறாத இணைய முகவரி, ஏற்றுவதிலும் இறக்குவதிலும் ஒத்த வேகம், பழுதை இத்தனை மணி நேரத்துள் திருத்துவோம் என்ற எழுத்து மூலமான உறுதி ஆகியவற்றைத் தருகின்றது. சுவரையும் மலையையும் அது விலக்காது. வீட்டிலிருந்து பாடஞ் சொல்லும் ஆசிரியருக்கு ஏற்றும் வேகம் சில மெகாபிட் இருந்தாற் போதும். மாறாத முகவரியோ வேண்டியதேயில்லை. அவருக்கு மெய்யாகவே வேண்டுவது அவ்வுறுதி ஒன்றுதான்.

அவ்வுறுதியை வணிகருக்கு மட்டும் உரியதாக்கியதே என் மறுப்புக்கு இலக்கு. கடையின் இணைப்பு அறுந்தால் வருமானம் குறையும். வீட்டின் இணைப்பு அறுந்தால் கல்வி குறையும். இரண்டாவது இழப்பைச் சிறிதென்று யார் கூறவல்லார்?

இது நடவாத கனவும் அன்று. பிரித்தானியாவில் ஒழுங்குமுறை அமைப்பாகிய ஓஃப்கொம் வகுத்த நெறியை ஏற்ற நிறுவனங்கள், 2019 மார்ச் முதல், குறைந்தபட்ச வேகத்தை விற்குமுன்னரே வீட்டாருக்குக் கூறுகின்றன. வேகம் அதற்குக் கீழே போய் 30 நாளுள் சீராகாவிடின் தண்டமின்றி விலகலாம். அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள், முற்றாக அறுந்த இணைப்பை இரண்டு முழு வேலை நாள்களுக்குப் பின்னும் திருத்தாவிடின், கேளாமலே இழப்பீடு தருகின்றன.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் உள்ளன. நுகர்வோர் நலங்காத்தல் அவ்வாணைக்குழுவின் குறிக்கோள்களுள் ஒன்று. ‘வரை’ என்று மேலெல்லை கூறுவோர் ‘இதற்குக் குறையாது’ என்றும், ‘இத்தனை நாளுள் திருத்துவோம்’ என்றும் வீட்டாருக்கும் எழுதித் தரல் வேண்டும். அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதல் வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இவ்வேண்டுகோளை ஆணைக்குழுவுக்கு அனுப்புமாயின், அதிகப் பணங்கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த பேருதவியாகும்.