காலை நீட்டாதீங்க சார்

நிஷிகசாய் பக்கம் நம்ம ஆட்கள் கூடுற எந்த விழாவுக்குப் போனாலும் இந்த வசனம் தப்பாது: "ஜப்பான்காரன் ரத்தத்துலயே மரியாதை இருக்கு சார். நம்ம பிள்ளைங்களுக்குத்தான்..." சொல்லி முடிக்குமுன்ன எட்டு வயசுப் பையனோட பிடரியைப் பிடிச்சு ஒரு அங்கிள் காலில் அமுக்கியாச்சு. அங்கிள் செல்போன்லருந்து தலையைத் தூக்கலை.

ரத்தமாவது மண்ணாவது! வங்கியில் குப்பை கொட்டுறவன் சொல்றேன், அது நோட்டு எண்ணுற மாதிரி கைப்பழக்கம். ஏப்ரலில் சேர்கிற புது ஆட்களுக்கு இங்கே பல கம்பெனிகளில் குனியறதுக்கே பயிற்சி உண்டு. எதிர்ல வர்றவருக்கு 15 டிகிரி, வாடிக்கையாளருக்கு 30, மன்னிப்புக் கேட்க 45. முதுகு வளையக்கூடாது, இடுப்பிலிருந்து சாயணும். ஒகாசவாரா மரபில் மூச்சுக்கணக்கே இருக்கு: மூச்சை இழுத்துக்கிட்டே குனி, நின்னு விடு, மறுபடி இழுத்துக்கிட்டே நிமிர். புதுசா வந்தவன் கோழி கொத்துற மாதிரி படக்குன்னு நிமிர்ந்துடுவான். பழகினவர் நிமிர்றதுலதான் நிதானம் தெரியும். 2009-ல் ஒபாமா, பேரரசர் அகிஹிட்டோ கையைக் குலுக்கிக்கிட்டே இடுப்பையும் வளைச்சாரே, அது ரெண்டுங்கெட்டான்.

நம்மவங்க கண்ணுக்குப் படாதது ஒண்ணு இருக்கு. இங்கே பள்ளிக்கூடத்துல "கிரிட்சு, ரெய்"னு குரல் வந்ததும் பிள்ளைங்க குனியறாங்க, வாத்தியாரும் குனியறார். ஆபீஸில் மேலாளரும் பதிலுக்குக் குனிவார், கொஞ்சம் கம்மியா. (கடைக்கு வர்ற வாடிக்கையாளர் கண்டுக்காமப் போவார், அது வேற கதை.)

ஒருபக்கமாக் குனியறதுல நமக்கு அனுபவம் இல்லாமலா? நான் காரக்கோணத்துக்காரன். பழைய திருவிதாங்கூரில் கீழ்சாதின்னு வெச்சிருந்தவங்க சொன்ன தூரத்துல நிக்கணும், வாயைப் பொத்திக் குனிஞ்சு பேசணும். நாடார் பெண்கள் மாரை மூடிக்கிற உரிமைக்கு 1859 ஜூலை 26 அரசாணை வரைக்கும் போராட வேண்டியிருந்தது; அதுலயும் மேல்சாதிப் பாணியில் உடுத்தக்கூடாதுன்னு நிபந்தனை. அந்தக் காலத்துலதான் சாமித்தோப்பு வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கிட்டுக் கும்பிடச் சொன்னார். அவர் நிமிர்த்துன முதுகை "பண்பாடு"ன்னு சொல்லி டோக்கியோவுல வெச்சு மறுபடி வளைக்கணுமா?

வணக்கம் போதும் மக்கா. அதையும் அதட்டி வாங்காதீங்க. பிள்ளை எதிர்ல நீங்க முதல்ல கைகூப்புங்க, நாலு தடவை பார்த்தா அதுக்கும் கை வரும்.

பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. என் பிள்ளைங்க வணக்கம் சொல்வாங்க, நீங்களும் திருப்பிச் சொல்லணும். செல்போனைச் செருப்புப் பக்கத்துலயே வெச்சுட்டு வந்துடுங்க.