இருபது டிகிரி அறை வடக்கே வேண்டும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், வடசென்னையின் காசிமேட்டில் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும். மீன்பிடித் தடைக்காலம். வலை சீர்செய்வது, பலகை மாற்றுவது, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். தேய்ந்த ஷாஃப்ட், உடைந்த இம்பெல்லர், பல் போன கியர் என்று ஒவ்வொன்றாக லேத் பட்டறைக்கு வரும். பழைய இன்ஜின் என்றால் கடையில் ஸ்பேர் கிடைக்காது, ட்ராயிங்கும் இருக்காது. டர்னர் அந்தப் பாகத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெர்னியர் வைத்து அளப்பார். புதிதாக இருந்தபோது இது என்ன அளவில் இருந்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு, அதன்படி புதிதாகக் கடைந்து கொடுப்பார்.

இதே வேலையைச் செய்யத்தான் உலகம் இன்று முப்பரிமாண ஸ்கேனர், வடிவமைப்பு மென்பொருள், சிஎன்சி எந்திரம், பிரிண்டர் என்று ஒரு வரிசையே வைத்திருக்கிறது. அந்த டர்னரின் மனக்கணக்குக்கு இந்த வரிசையில் மாற்று இல்லை. ஸ்கேனர் கண்ணால் கண்டதைத்தான் பதியும். தேய்ந்த பல்லை ஸ்கேன் செய்து அப்படியே அச்சிட்டால், தேய்ந்த பல்லுக்குப் புத்தம் புதிய நகல்தான் கிடைக்கும். தேய்மானம் எங்கே, மூல வடிவம் எங்கே என்று பிரித்துச் சொல்ல இருபது வருடம் எண்ணெயில் ஊறிய கை வேண்டும். வடசென்னையில் அந்தக் கைகள் இருக்கின்றன. கருவிகள்தான் வேறு எங்கோ இருக்கின்றன.

எங்கே என்றும் சொல்லிவிடலாம். தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம், டசால்ட் சிஸ்டம்ஸுடன் சேர்ந்து டான்கேம் மையத்தையும், சீமென்ஸுடன் சேர்ந்து டான்சாம் மையத்தையும் 2022-இல் தொடங்கியது. இடம், தரமணி டைடல் பூங்கா. மத்திய அரசின் சிறுதொழில் சோதனை மையம் கிண்டியில் இருக்கிறது. ஒரே துண்டாக உலோகத்தில் அச்சிட்ட இன்ஜினைக் கொண்டு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டைப் பறக்கவிட்ட அக்னிகுல் நிறுவனத்தின் ஆலையும் தரமணியில், ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில். எல்லாமே பெருமைக்குரியவை, எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் எண்ணூரிலிருந்து தரமணி சுமார் 30 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே ஒரு ஜாப்பை எடுத்துக்கொண்டு போய், அளந்து, திரும்பி வர ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டு லேத்தும் மூன்று ஆட்களும் உள்ள பட்டறைக்கு அந்த ஒரு நாள் பெரிய தொகை.

வடசென்னையின் இந்தக் கரை எப்படித் தொழில் கற்றது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 1955-இல் எழுந்த என்ஃபீல்டு ஆலையும் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் இடம்தான். 1957-இல் தயாரிப்புக் கருவிகள் வந்து சேர்ந்த பிறகே இங்கேயே பாகங்கள் செய்யும் வழி பிறந்தது. அச்சும் பிடிப்புக் கருவியும் கையோடு இருந்தால்தான் ஒரே பாகத்தை ஆயிரம் முறை ஒரே அளவில் செய்ய முடியும். அன்று அளவு இரும்பாகக் கப்பலில் வந்தது. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று அளவு ஒரு கோப்பாக மின்னஞ்சலில் வருகிறது. அதைத் திறக்க மென்பொருள் வேண்டும், அதன் உரிமத்துக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். இதற்குக்கூட ஓரளவு வழி இருக்கிறது. 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேட் இலவசம். எந்திரம் வெட்டும் பாதையையும் அதிலேயே வகுக்கலாம். பட்டறைக்காரரின் பிள்ளை ஒரு மாதம் உட்கார்ந்தால் கற்றுக்கொள்வார். வழியில்லாத இடம் அதற்கு அடுத்தது. செய்த பாகத்தோடு அளவுச் சான்றும் கொடு என்று பெரிய கம்பெனி கேட்கிறதே, அங்கேதான் பட்டறை நின்றுவிடுகிறது.

அளவு என்பது வெப்பநிலையோடு கட்டப்பட்டது. நீளத்தை அளக்க 20 டிகிரி செல்சியஸ்தான் பொது அடிப்படை என்று 1931-இலேயே உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. தகரக் கூரைக்கு அடியில், 35 டிகிரியில், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் துளையை எஃகு மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டும் விரியும், ஆனால் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். காட்டும் அளவில் சுமார் 17 மைக்ரான் பிழை வரும். அந்த அளவுத் துளைக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் எச்7 வரம்பு மொத்தமே 35 மைக்ரான். டர்னர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் வரம்பில் பாதியை வெயில் தின்றுவிட்டது. போதாததற்கு உப்புக் காற்று வேறு. அளவுக் கட்டைகளில் துரு ஏறினால் அந்தப் பட்டறையின் எல்லா அளவுகளும் சேர்ந்தே பிசகும்.

ஆகவே வடசென்னைக்கு முதலில் வேண்டியது பிரிண்டர் அல்ல என்பது என் உறுதியான கருத்து. இரவு பகலாக 20 டிகிரியில் நிற்கும் ஓர் அறை. அதற்குள் மூன்று அச்சிலும் தொட்டு அளக்கும் ஓர் எந்திரம், கைக்கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் ஓர் ஆள், ஒரு ஸ்கேனர். பிரிண்டர் அதற்குப் பிறகு, அதுவும் பிளாஸ்டிக் பிரிண்டரே போதும். உலோகத்தை அச்சிடுவது ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகும், படகுக்குக் கட்டாது. இம்பெல்லரின் வடிவத்தை, உலோகம் ஆறும்போது சுருங்கும் அளவையும் சேர்த்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் அதையே பேட்டர்னாக மணலில் பதித்து வெண்கலம் ஊற்றிவிடலாம். தேக்கில் பேட்டர்ன் செதுக்கும் ஆசாரிக்காகக் காத்திருக்கும் நாள்கள் மிச்சமாகும். தடைக்காலத்தின் 61 நாளில் ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது.

கோவை இதற்குக் கண்முன் சாட்சி. பம்பு செய்யும் சிறு முதலாளிகள், கொடிசியா போன்ற அமைப்புகளின் வழியே ஒன்றுகூடி, சிட்டார்க் என்ற சோதனை மையத்தைத் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்டார்கள். தனித்தனியே யாராலும் வாங்க முடியாத கருவியை எல்லோரும் சேர்ந்து வாங்கினார்கள். வடசென்னையில் பெரிய ஆலைகளின் நிழலில் வளர்ந்த பட்டறைகளுக்கு அப்படிச் சேரும் பழக்கம் குறைவு. ஆலை சொன்னதைச் செய்து, ஆலை தந்த கேஜால் அளந்தே காலம் ஓடிவிட்டது. ஆலைகள் ஒரகடத்துக்கும் அதற்கு அப்பாலும் விரியும்போது அந்த நிழலும் நகர்கிறது. இந்த நிலையில், நீங்கள் முதலில் சங்கமாகச் சேருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அரசு சொல்வது நியாயமாகாது. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் நவீனப்படுத்திய மாநிலம் இது. மாணவர்களுக்காக அவ்வளவு செய்ய முடிந்த அரசால், அதே மாணவர்கள் நாளை வேலைக்குப் போகும் பட்டறைகளுக்கு ஒரு பொது வசதி மையம் தர முடியும்.

விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. அந்தத் தடத்தை ஒட்டி, ஜாப்பை ஆட்டோவில் இறக்கும் தூரத்தில் மையம் அமைய வேண்டும். காலை பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டும் அலுவலகமாக அது இருக்கக் கூடாது. பட்டறைகளில் ஜாப் முடிவது பெரும்பாலும் இரவில்தான். மறுநாள் காலை டெலிவரி. இரவு பத்து மணி வரை, தடைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும், அந்த அறையில் விளக்கு எரிய வேண்டும்.