இரண்டு தட்டல்களுக்கு நடுவே

சென்ற பருவத்தில் குறிஞ்சிப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, செருவிளை என்பது எந்தப் பூ?" என்று கேட்டாள். கருங்காக்கணம் என்று தயங்காமல் சொன்னேன். தவறு. செருவிளை வெண்காக்கணம். அதை அடுத்து வரும் கருவிளைதான் கருங்காக்கணம். ஒன்று வெள்ளைச் சங்குப்பூ, மற்றது நீலச் சங்குப்பூ. மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்கும் அம்மாள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நான் குழப்பிக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் திருத்திச் சொன்னேன் என்றாலும் மனம் ஆறவில்லை. கபிலர் அடுக்கிய பூக்கள் தொண்ணூற்றொன்பது என்பது வகுப்பறைக் கணக்கு. அன்றிரவே 99 மின்னட்டைகளைச் செய்து முடித்தேன்.

இதற்கு நான் பயன்படுத்துவது ஆன்கி என்னும் மென்பொருள். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்டது. மனப்பாடம் செய்தலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லே அதன் பெயர். திரையில் முதலில் வினா மட்டும் தோன்றும். விடையைத் திறந்து பார்த்தபின் எந்த அளவுக்கு நினைவிருந்தது என்று நாமே மதிப்பிட வேண்டும். மறந்ததை விரைவிலும் நினைவிருந்ததைப் பல நாள் கழித்தும் அது மீண்டும் கேட்கும்.

ஓர் அட்டைக்கு இரண்டு செயல்கள்: திறத்தல், மதிப்பிடுதல். 99 அட்டைகளுக்கு 198. இவற்றைச் சுட்டியைக் கொண்டு செய்தால் ஒவ்வொரு முறையும் கண் பொத்தானைத் தேட வேண்டும், கை அதைத் தொடர வேண்டும். விசைப்பலகையில் இந்தத் தொல்லை இல்லை. நீண்ட இடைவெளி விசையைத் தட்டினால் விடை தோன்றும். பிறகு 1 என்றால் மறந்துவிட்டது, 2 என்றால் கடினம், 3 என்றால் நன்று, 4 என்றால் எளிது. அட்டையில் பிழை கண்டால் E விசை திருத்தும் பக்கத்தைத் திறக்கும். கை தவறினால் கண்ட்ரோலும் Z-உம் சேர்ந்து முந்தைய தீர்ப்பை மீட்கும். இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு வாரத்தில் விரல்களுக்குப் பழகிவிடும்.

சுட்டியால் ஆகும் தாமதம் யோசிக்க நேரம் தருகிறதே என்று தி.நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் வாதாடினார். எனக்கு உடன்பாடில்லை. பொத்தானைத் தேடும் கண் பூவைத் தேடுவதில்லை. தாமதம் வேறு, நிதானம் வேறு. கையின் வேலையைக் குறைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் கவலை வேறிடத்தில் இருக்கிறது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களோடு அமர்ந்து படிக்க அனுமதிக்கும் பகுதியில், நெட் தேர்வுக்குப் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். மடிக்கணினியில் அட்டைகள் பறந்துகொண்டிருந்தன. கட்டைவிரல் இடைவெளி விசையை விட்டு எழவேயில்லை. ஒரு தட்டில் விடை, மறு தட்டில் அடுத்த வினா. ஒரு மணி நேரத்தில் முந்நூறு அட்டைகள் முடித்ததாகப் பெருமையோடு சொன்னார். திரையை மூடச்சொல்லி அதே அட்டைகளிலிருந்து ஐந்து கேட்டேன். இரண்டுக்குத்தான் விடை வந்தது. "தேர்வில் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள் ஐயா, பார்த்தால் தெரிந்துவிடும்" என்றார். உண்மைதான். ஆனால் தேர்வில் வென்று நாளை அவர் நிற்கப்போகும் வகுப்பறையில் எந்த மாணவியும் நான்கு விடைகளைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கப்போவதில்லை. அதை நான் பட்டு அறிந்தவன்.

பழுது எங்கே நேர்கிறது? விடையைத் திறக்கும் அதே இடைவெளி விசை, விடை திறந்தபின் 'நன்று' என்னும் தீர்ப்பையும் எழுதுகிறது. இரு முறை தட்டினால், நினைத்தே பாராத சொல்லுக்கும் தேர்ச்சி கிடைத்துவிடும். கண்ணுக்குப் பழகிப்போன விடை நாம் அறிந்த விடைபோலவே தோற்றம் காட்டும்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டு மனப்பாடம் செய்தார்கள். மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடினார். அதன் பதினோராம் தொகுதியில் சொற்களை எதுகை முறையில் வரிசைப்படுத்தினார். நினைவுக்கு அவர் அமைத்துக்கொடுத்த குறுக்குவழி அது. ஆனால் அந்தப் பள்ளியில் பாடம் ஒப்பிக்கப்பட வேண்டும். கேட்பதற்குச் சட்டாம்பிள்ளை இருப்பான். வாய் திறந்து சொல்லும்வரை பாடம் வந்ததாகக் கணக்கில்லை. மின்னட்டையின் முன் அமர்ந்திருப்பவரோ மாணவரும் தாமே, சட்டாம்பிள்ளையும் தாமே. அந்தச் சட்டாம்பிள்ளை நம்மிடம் மிகவும் இரக்கம் காட்டுபவர்.

ஆகவே எனக்கு நானே சில விதிகளை வைத்துக்கொண்டேன். விடையை வாய்விட்டு, நூலகமானால் உதடசைத்தேனும், சொன்ன பிறகே இடைவெளி விசையைத் தொடுவேன். திறந்தபின் அந்த விசையைத் தொடுவதில்லை; இடக்கையால் எண் விசைகளில் ஒன்றைத் தேர்ந்தே அழுத்துவேன். மறந்தால் 1 மட்டுமே. 2 என்பது தட்டுத்தடுமாறியேனும் நினைவுக்கு வந்ததற்கு உரியது. வெட்கத்தால் அதை அழுத்தினால் மறந்த பூ அறிந்த பூக்களின் வரிசையில் சேர்ந்துவிடும். அடிக்கடி குழம்பும் சொற்களுக்கு விடையைத் தட்டச்சு செய்யும் அட்டைகளை அமைத்திருக்கிறேன். அங்கே இடைவெளி விசை வெறும் இடைவெளியைத்தான் இடும். எழுதியபின் எண்டர் தட்டினால்தான் விடை தெரியும். தமிழ்99 பழகிய கைகளுக்கு அது சுமையே அல்ல.

இப்படிப் படித்தால் மணிக்கு முந்நூறு ஆகாது. எனக்கு நூற்றைம்பதைத் தாண்டுவதில்லை. மாணவரிடம் இதைச் சொன்னபோது அரைமனத்தோடுதான் தலையசைத்தார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கட்டைவிரல் மட்டும் இன்னும் விசையின் மேலேயே இருந்தது.