கழுத்துக்கு ஒரு கோப்பு, மனத்துக்கு ஒரு கோப்பு

நாட்பட்ட இறுக்கவகைத் தலைவலியோடு மருத்துவமனைக்கு வருபவர் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களைக் கேட்கிறார். இயன்முறை மருத்துவர், கழுத்துத் தசை இறுகியிருக்கிறது என்கிறார். மனநலப் பிரிவிலோ, மன அழுத்தமே காரணம் என்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டு அறைகளில், இரண்டு கோப்புகளில், ஒருவரையொருவர் அறியாத இருவரிடம் கேட்கும்போது, ஒன்று மெய்யானால் மற்றது பொய் என்றே நோயாளி எடுத்துக்கொள்கிறார். குறிப்பாகப் பெண்களுக்கு, 'மன அழுத்தம்' என்ற சொல் 'வலியே இல்லை' என்ற தீர்ப்பாகவே பல நேரம் காதில் விழுகிறது. அதன்பின் அவர்கள் உளச்சிகிச்சைக்கு வருவதில்லை; மருந்துக்கடைக்குப் போகிறார்கள்.

இப்பிளவு நோயின் பெயரிலேயே இருந்ததுதான். 1962-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று இதனைத் 'தசைச் சுருக்கத் தலைவலி' என்றது. தசை மின்பதிவுகளோ சுருக்கத்தின் அளவும் வலியின் அளவும் சேர்ந்து ஏறியிறங்குவதை உறுதியாகக் காட்டவில்லை. 1988-ஆம் ஆண்டின் பன்னாட்டு வகைப்பாடு, காரணத்தைத் தீர்த்துச் சொல்லாத இன்றைய பெயருக்கு நகர்ந்தது. மாதத்தில் 15 நாளேனும் வலி இருந்து, அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்டது என்பது இப்போதைய வரையறை. கழுத்து, பொட்டு, தாடைத் தசைகளிலிருந்து ஓயாது வரும் வலிச் சமிக்ஞை மைய நரம்பு மண்டலத்தை மிகையுணர்வுக்குப் பழக்குகிறது. உறக்கமின்மையும் கவலையும் அப்பழக்கத்தை வளர்க்கின்றன. எனவே தசையா மனமா என்ற கேள்வியே பிழையாகக் கேட்கப்பட்ட கேள்வி.

2001-இல் ஹோல்ராய்டு குழுவினர் 203 பேரிடம் நடத்திய ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. தலைவலி பாதியேனும் குறைந்தவர்கள், மனச்சோர்வு எதிர்ப்பு மருந்து மட்டும் பெற்ற குழுவில் 38 விழுக்காடு. அழுத்த மேலாண்மைப் பயிற்சி மட்டும் பெற்ற குழுவில் 35. போலி மருந்துக் குழுவில் 29. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 64. அங்கே இணைக்கப்பட்டது மாத்திரை, கை அன்று. கைமுறைச் சிகிச்சைக்குத் தனியே சான்றுண்டு: 2011-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், 82 பேரிடையே, அது பொதுமருத்துவரின் வழக்கமான கவனிப்பைவிட மேலான பயன் தந்தது. தொடுதலையும் உரையாடலையும் மறைத்துச் சோதிக்க இயலாது என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் அது ஆய்வைக் கவனமாக வடிவமைக்கச் சொல்லும் காரணம். செய்யாமல் விடச் சொல்லும் காரணமன்று.

இணைப்பு என்பது இரண்டு பரிந்துரைச் சீட்டுகள் அன்று. பிடரியடித் தசையை இயன்முறை மருத்துவர் மெல்ல அழுத்தித் தளர்த்தும்போது, தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நோயாளி முதன்முறையாக உணரக்கூடும். எப்போதெல்லாம் கடிக்கிறார், யாரோடு பேசியபின், எந்த வேலைக்கு நடுவில் என்பது உளவியலாளர் தொடர வேண்டிய இழை. இருவரும் ஒரே தலைவலி நாட்குறிப்பைப் படித்தாலன்றி அவ்விழை அறுந்துவிடும். கழுத்தைச் சடக்கென்று திருப்பும் முறை இதற்குத் தேவையுமில்லை. அரிதாயினும் கழுத்துத் தமனி கிழியும் இடர் அதில் உண்டு. சாதாரண வலிநிவாரணி மாதத்தில் 15 நாள் என்ற எல்லையைத் தொடர்ந்து எட்டினால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகலாம் என்பதையும் அந்த நாட்குறிப்பே காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் இதற்குத் தடை அறிவியல் மட்டுமன்று. இயன்முறை மருத்துவர் 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலினர் சட்டத்தின்கீழ் வருகிறார். மருத்துவ உளவியலாளரோ 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்கீழ். பதிவேடு வேறு, பாடத்திட்டம் வேறு, பயிற்சிக் கூடமும் வேறு. கர்நாடகத்தில் நடந்த மக்கள்தொகை ஆய்வு ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இறுக்கவகைத் தலைவலி உண்டு என்றது. அவர்களுள் சிறு பகுதியினருக்கே அது நாட்பட்டதாகிறது என்றாலும், அந்தச் சிறு பகுதியே பெருந்தொகை.

கைமுறைச் சிகிச்சை மட்டும், உளச்சிகிச்சை மட்டும், இரண்டும் சேர்ந்து, வழக்கமான கவனிப்பு என நான்கு குழுக்கள். நரம்பியலும் மருத்துவ உளவியலும் இயன்முறை மருத்துவமும் ஒரே வளாகத்தில் இயங்கும் நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் மாணவர் இரு துறைகளிலிருந்தும் இணை வழிகாட்டிகளைப் பெற விதிகள் இடந்தந்தால், இந்த ஆய்வை அங்கே தொடங்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.