ரீஃபண்ட் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?

இணையச் சந்தையில் ஏமாந்த கதையை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே விசாரணை ஆரம்பித்துவிடும். "ரிவியூ பார்த்தியா? எத்தனை ஸ்டார்? இவ்வளவு மலிவா கொடுக்கிறான்னா யோசிக்க வேணாமா?" விற்றவனைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. பண்டிகை நெருங்கினால் இதையே 'பயனீட்டாளர் விழிப்புணர்வு' என்று பெயர் வைத்து எல்லாரும் பேசுவார்கள். விழிப்பா இருங்க, விசாரிச்சு வாங்குங்க, ஏமாறாதீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விற்பவனும் தளமும் சுமக்க வேண்டிய பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டுகிற வேலை இது.

நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்தவன். எங்கள் தாமானில் எந்த வீட்டில் எது கெட்டாலும் "தம்பி எஞ்சினியர்தானே" என்று என்னிடம் வந்துவிடும். போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா ஓர் எக்ஸ்டென்ஷன் வயரைக் கொண்டு வந்தார். ஆன்லைனில் வாங்கியது, விலை 12.90 ரிங்கிட். பெட்டியில் 13 ஆம்பியர், 3000 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. "கெட்டில் போட்டா வயர் சுடுது தம்பி" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். மூன்று பின் பிளக்கில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரத் துண்டு. எர்த் பின்னுக்கு வயரே போகவில்லை. வயருக்குள் இருந்த கம்பி செம்பு நிறம்தான், ஆனால் காந்தத்தை வைத்தால் ஒட்டியது. செம்பில் காந்தம் ஒட்டாது. அது முலாம் பூசிய இரும்பு. 2000 வாட் கெட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்த மெல்லிய கம்பி அதைத் தாங்காமல் சூடாகும், உறை இளகும். மெயின் பெட்டி பிரேக்கர் தட்டிவிடும்தானே என்பீர்கள். அது சுவருக்குள் ஓடும் தடித்த வயரைக் காக்க வைத்தது. மெல்லிய வயரைக் காக்கத்தான் பிளக்குக்குள் ஃபியூஸ். அந்த ஃபியூஸைத்தான் எடுத்துவிட்டு ஒரு தகரத் துண்டை வைத்திருக்கிறார்கள்.

இப்ப சொல்லுங்க, எவ்வளவு விழிப்பா இருந்தா இதை கைப்பேசித் திரையில் கண்டுபிடிக்க முடியும்?

ரிவியூவா? அந்தக் கடையின் பக்கத்துக்கே போய்ப் பார்த்தேன். 4.8 ஸ்டார். "பார்சல் வேகமா வந்துச்சு, 5 ஸ்டார்." "இன்னும் போட்டுப் பார்க்கல, பேக்கிங் சூப்பர், 5 ஸ்டார்." படம் போட்டு ரிவியூ எழுதினால் காயின் கிடைக்கும், அதனால் பார்சல் வந்த அன்றே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் கீழே இறங்கினால் "கவர் ரொம்ப அழகா இருக்கு, என் போனுக்குச் சரியா பொருந்துது" என்று ஒருவர். முன்பு கைப்பேசி உறை விற்ற பக்கத்தில் அந்த ஸ்டார்களை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒழுங்காக எழுதிய ரிவியூவாக இருந்தாலும் இங்கே உதவாது. ஃபியூஸ் இல்லை என்பது கோளாறு வருகிற நாளில்தான் தெரியும். அன்றைக்கு ரிவியூ எழுத வீடு மிச்சம் இருக்க வேண்டும்.

பிளக், எக்ஸ்டென்ஷன், சார்ஜர் போன்றவற்றுக்கு நம் நாட்டில் எரிசக்தி ஆணையத்தின் அனுமதியும் சிரிம் லேபிளும் வேண்டும் என்று விதி வைத்தது இதற்காகத்தான். வீட்டில் இருப்பவர் ஸ்க்ரூடிரைவரும் காந்தமும் வைத்துக்கொண்டு சோதிக்கத் தேவையில்லை, தெரிந்தவர்கள் முன்கூட்டியே சோதித்துவிட்டார்கள் என்ற உத்தரவாதம் அந்த லேபிள்.

அடுத்து 'மலிவு' என்கிற குத்தல். ஹார்ட்வேர் கடையில் லேபிளோடு வாங்கினால் 30 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் இருக்கிற நாட்டில் அந்த வித்தியாசத்தைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலிவான பொருள் அசிங்கமா இருக்கலாம், ஆறு மாதத்தில் கெடலாம். அந்த ஒப்பந்தம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆளைக் கொல்லலாம் என்பது அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

அக்காவுக்காக நானே புகார் எழுதினேன். செல்லர் உடனே வந்தார். "ஹாய் டியர், சோ சாரி டியர்." புகாரை மீட்டுக்கொண்டால் 5 ரிங்கிட் தருகிறேன் என்றார். மறுத்தேன். தளத்துக்குப் போனேன். காரணம் தேர்ந்தெடுக்கச் சொன்னது: பொருள் வரவில்லை, உடைந்திருந்தது, தவறான நிறம், படத்தோடு பொருந்தவில்லை. 'ஆபத்தானது' என்று ஒரு காரணமே அந்தப் பட்டியலில் இல்லை. ஃபியூஸ் இல்லாத பிளக்கின் படத்தை 'படத்தோடு பொருந்தவில்லை' என்பதன் கீழ் போட்டு அனுப்பினேன். மூன்று நாளில் பதில்: பணம் திருப்பித் தரப்பட்டது, பொருளைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை, புகார் முடிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்துத் தேடினேன். அதே படம், அதே விலை, வேறு கடைப்பெயர்.

"ரீஃபண்ட் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று நண்பன் கேட்டான். இதுதான் எனக்குப் பிரச்சினை. பத்து பேரில் ஒருவர்தான் புகார் செய்வார் என்று தெரிந்தவனுக்கு ரீஃபண்ட் ஒரு செலவுக் கணக்கு. புகார் செய்கிறவரின் வாயை அடைத்துவிட்டு மற்ற ஒன்பது பேரின் பணத்தோடு வியாபாரம் தொடர்கிறது.

தளங்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: நாங்கள் வெறும் இடைத்தரகர். அப்படியா? நாம் கட்டும் பணம் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகிறது. ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. காசு கட்டின கடையை மேலே காட்டுவதும் அவர்கள்தான். சாட்டில் செல்லருக்கு உங்கள் கைப்பேசி எண்ணை அனுப்பிப் பாருங்கள், நொடியில் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுவார்கள், வியாபாரம் வெளியே போய்விடக் கூடாதே. தன் கமிஷனைக் காக்க இவ்வளவு துல்லியமாகக் கண்காணிக்கத் தெரிந்த கணினிக்கு, மின்சாரப் பொருளைப் பட்டியலிடுபவனிடம் 'லேபிள் எண் என்ன?' என்று கேட்க மட்டும் தெரியவில்லை. பாசார் மாலாமில் கடை போடுபவர்கூட நகராண்மைக் கழகத்தில் லைசென்ஸ் எடுக்கிறார். பொருள் சரியில்லை என்றால் அடுத்த வியாழக்கிழமை போய் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கோர பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் யார் மேல் வழக்குப் போடுவது? கடைப்பெயர் நான்கு ஆங்கில எழுத்தும் மூன்று எண்ணும். செல்லர் தன் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்று 2012-லேயே மின்வணிக விதிமுறை போட்டாகிவிட்டது. பழுதான பொருளால் பாதிப்பு வந்தால் அதை இறக்குமதி செய்தவரும் பொறுப்பு என்கிறது சட்டம். வெளிநாட்டுக் கிடங்கிலிருந்து நேராக அக்கா வீட்டு வாசலுக்கு வந்த பார்சலுக்கு இறக்குமதியாளர் யார்? அக்காவா?

வெளிநாட்டு வியாபாரியை நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரிக்கிறார்கள். 1 ஜனவரி 2024 முதல், 500 ரிங்கிட் வரையிலான வெளிநாட்டுப் பொருள்களை ஆன்லைனில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி. அந்த வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பைத் தளங்கள் மேலும் அரசாங்கம் சுமத்தியிருக்கிறது. வரிக்குத் தளம் பொறுப்பேற்கலாம் என்றால் ஃபியூஸுக்கும் ஏற்கலாம்.

கெடுபிடி கூடினால் சின்ன வியாபாரிகள் அடிபடுவார்கள் என்று ஒரு வாதம் வரும். வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவரிடம் யாரும் சிரிம் கேட்கவில்லை. உண்மையில் இப்போது அடிபடுவதே நேர்மையான சின்ன வியாபாரிதான். லேபிள் உள்ள சரக்கை 30 ரிங்கிட்டுக்கு விற்கும் உள்ளூர்க்காரர், தேடல் முடிவில் 12.90-க்குக் கீழே எட்டாம் பக்கத்தில் கிடக்கிறார்.

அதனால் எனக்கு அறிவுரை வேண்டாம், மூன்று காரியம் நடந்தால் போதும். மின்சாரப் பொருளுக்கு லேபிள் எண் இல்லாமல் பட்டியலிட முடியாதபடி தளம் தடுக்க வேண்டும். செல்லரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கமிஷன் வாங்கிய தளமே நடுவர் மன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆபத்து என்று ஒருவர் நிரூபித்தால், அதே பொருளை வாங்கிய எல்லாருக்கும் உடனே தகவல் போக வேண்டும்.

மூன்றாவதுதான் ரொம்ப சுலபம். யார் வாங்கினார்கள், எந்த வீடு, எந்த எண் எல்லாம் தளத்திடம் இருக்கிறது. நள்ளிரவில் தள்ளுபடி என்று எழுப்பத் தெரிகிறதே. அந்தப் பக்கத்தில் 'ஆயிரத்துக்கு மேல் விற்றது' என்று போட்டிருந்தது. அக்காவுக்கு 12.90 திரும்பி வந்துவிட்டது. மற்ற வீடுகளில் அந்த வயர் இன்றைக்கும் சுவரில் செருகியபடி இருக்கிறது. அவர்களுக்கு இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.